களைக்கொட்டும் களைக்கொல்லியும்: மல்லாட்டைக் கொல்லையின் கூலிக் கணக்கு

(வளையமாதேவியில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வளையமாதேவி என்று சொன்னதும் வெளியூர்த் தோழர்களுக்கு ஒரு காட்சிதான் நினைவுக்கு வரும். 2023 ஜூலை 26ஆம் தேதி, பரவனாற்றை வேறு வழியில் திருப்பக் கால்வாய் வெட்டுவதற்காக என்.எல்.சி. நிறுவனம் பச்சை நெல் வயலுக்குள் பொக்லைன் இயந்திரங்களை இறக்கியது. அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இதையெல்லாம் நிறையப் பேர் பேசிவிட்டார்கள், நன்றாகவே பேசினார்கள். நான் பேச வந்தது அந்த வீடியோவில் இல்லாத ஆட்களைப் பற்றி, அந்த 40,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடப் பங்கு இல்லாதவர்களைப் பற்றி. அதற்காக நெல்லைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு மல்லாட்டைக்குப் போகிறேன்.

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. சென்னையிலிருந்து வந்த தோழர்கள் முழிக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். மணிலாக்கொட்டை என்ற பெயர் இங்கே வாயில் புழங்கிப் புழங்கி மல்லாட்டை ஆகிவிட்டது. மழையை நம்பிய மேட்டு நிலத்துக்கு இந்தப் பக்கம் கொல்லை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கப்பலேறியது. பிறகு திண்டிவனத்திலும் விருத்தாசலத்திலும் ஆராய்ச்சி நிலையங்கள் வந்தன, டி.எம்.வி. 7, வி.ஆர்.ஐ. 2 என்று விதை ரகங்களுக்கு ஊர்ப்பெயர்களே வந்தன. இந்த வரலாற்றில் வியாபாரியின் பெயர் இருக்கிறது, விஞ்ஞானியின் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு பயிருக்கு இரண்டு முறை குனிந்து எழுந்த பெண்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வளையமாதேவி, சேத்தியாத்தோப்புப் பக்கம் வாய்க்கால் பாசனம், அதனால் நெல்தான். செம்மண் கொல்லையும் மல்லாட்டையும் முந்திரியும் விருத்தாசலம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம். இது வருவாய்த்துறையின் எல்லை. கூலிக்குப் போகிற பெண்களுக்கு இந்த எல்லை கிடையாது. இங்கே நடவு, அங்கே களை, இன்னொரு பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்க. விடியற்காலையில் குட்டியானை வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகிறவர்கள் இவர்கள்தான். என் முனைவர் பட்ட ஆய்வு இவர்களைப் பற்றியது. என் ஆயாவும் அம்மாவும் களைக்கொட்டு பிடித்தவர்கள். அதனால் எங்கள் துறையில் ‘களப்பணி’ என்று பெருமையாகச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் சிரிப்பு வரும்.

சரி, செடிக்கு வருவோம். இந்தப் பேச்சில் கொஞ்சம் தாவரவியல் தவிர்க்க முடியாது, ஏனென்றால் கூலியின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

மல்லாட்டை மண்ணுக்கு மேலே பூத்து, மண்ணுக்குள்ளே காய்க்கும். விதைத்து நான்கு வாரத்தில் மஞ்சள் பூ வரும். பூ கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் காய். 45 நாளுக்கு மேல் கொல்லை முழுக்க விழுது இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் களைக்கொட்டைப் போட்டால் களையோடு காயும் போகும். ஆகவே களை எடுப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும். செடியும் குட்டையானது, முதல் ஆறு வாரத்தில் சாரணையும் கோரையும் அதை மூடிவிட்டால் பிறகு என்ன செய்தாலும் தேறாது. 20ஆம் நாள் ஒரு களை, 40ஆம் நாள் இன்னொரு களை என்பது வேளாண் துறை சொல்லும் கணக்கு. இரண்டாவது களையோடு ஜிப்சம் போட்டு, விழுது இறங்க வசதியாக மண் அணைக்க வேண்டும்.

இப்போது யோசியுங்கள். ஒரு நல்ல மழை பெய்ததும் ஊரே ஒரே வாரத்தில் விதைக்கிறது. அப்படியானால் மூன்று வாரம் கழித்து ஊருக்கே ஒரே வாரத்தில் களை எடுக்க ஆள் வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இல்லாமல் ஒரு நாளில் களை முடியாது. தள்ளிப்போட முடியாத வேலை இது. அறுவடையையாவது நாலு நாள் தள்ளலாம், இரண்டாம் களையைத் தள்ளினால் விழுது காத்திருக்காது. பொருளாதாரப் பாடப்புத்தகத்தின்படி, அந்த வாரத்தில் களைக்கொட்டு வைத்திருப்பவர் சொல்வதுதான் கூலி.

ஆனால் நூறு வருடமாக அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதற்கு வேளாண்மைப் பாடத்தில் பதில் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. கடலூர் மாவட்டத்தில் 29 விழுக்காட்டுக்கும் மேல். இவ்வளவு பேர் இருந்தும் இவர்கள் கையில் நிலம் இல்லை. குடியிருந்த மனையே பல இடங்களில் ஆண்டையின் மனை. வாங்கிய கடனுக்குப் புருஷன் படியாளாக இருந்தால், களைக்குப் பெண்டாட்டி வந்தே ஆக வேண்டும். முதல் நாள் சாயங்காலம் ஒருத்தன் தெருமுனையில் நின்று கூப்பிடுவான். அறுபது வயதுக் கிழவியையும் பேர் சொல்லி, ஒருமையில். போகாவிட்டால் அடுத்த நாள் மாடு மேய்க்க வரப்பில் கால் வைக்க முடியாது. உழைப்பைப் பிரிப்பது வேறு, உழைப்பவர்களையே பிரித்து அடுக்குவது வேறு என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார் அல்லவா, அதன் அர்த்தம் எனக்குப் புத்தகத்தில் பிடிபடவில்லை. ஊர்த்தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒரே கொல்லையில் களை எடுத்துவிட்டுத் தனித்தனி மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒரே கூலி, ஒரே முதுகுவலி, தண்ணீர்க் குடம் மட்டும் வேறு.

இது எப்போது அசைந்தது? நான் பேசிய பெண்கள் பெரும்பாலும் சொன்னது மூன்று விஷயம். ரேஷன் அரிசி முதலாவது. 2011 ஜூன் 1 முதல் அது விலையில்லாமல் வந்தது. வீட்டில் அரிசி இருந்தால் நாளைக்கு வர முடியாது என்று சொல்ல வாய் வரும். இரண்டாவது, வீட்டு ஆண்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போனது. மூன்றாவது, நூறு நாள் வேலை. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி இந்தியாவில் முதல் 200 மாவட்டங்களில் அது தொடங்கியபோது கடலூரும் அதில் ஒன்று. ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் நாளுக்கு 80 ரூபாய், 2025-26இல் 336 ரூபாய். முழுத் தொகை கைக்கு வருவதில்லை, தாமதம், அளவெடுப்பில் வெட்டு, எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எழுதிப் போட்ட முதல் வேலையை இந்தப் பெண்கள் அங்கேதான் பார்த்தார்கள். அங்கே யாரும் தெருமுனையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அடையாள அட்டையில் பெயர் இருந்தது.

அதன் பிறகு களை வேலையின் இலக்கணமே மாறியது. பெண்கள் தாங்களே குழு சேர்த்துக்கொண்டார்கள். குழுவுக்கு ஒரு அக்கா மேஸ்திரி மாதிரி. தினக்கூலி வேண்டாம், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கிறோம், நேரத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். விடியற்காலையில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். ஒரு அக்கா என்னிடம் சொன்னது: “ரெண்டு நாளக்கி முன்னாடி போன் பண்ணாதான் வருவம். காலைல வந்து வாசல்ல நின்னா வரமாட்டம்னு சொல்லிட்டம்.” இந்த இரண்டு வாக்கியம் வருவதற்கு இந்த மாவட்டத்தில் எத்தனை தலைமுறை ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கத்தில் வைத்த பெயர் ‘ஆள் பற்றாக்குறை’. ஆராய்ச்சிக் கட்டுரைகளில், பத்திரிகைகளில், வேளாண் அதிகாரிகளின் உரையில் எல்லாம் இதே சொல்தான். நான் ஒரு கருத்தரங்கில் இந்தச் சொல்லைக் கேள்வி கேட்டபோது, பேராசிரியர் ஒருவர், “அது ஒரு நடுநிலையான சொல்தானம்மா” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். பழைய கூலிக்கு, பழைய மரியாதைக்கு வர ஆள் இல்லை. பற்றாக்குறை ஏற்பட்டது கூப்பிட்டதும் ஓடிவரும் பழக்கத்துக்கு.

இந்த இடத்தில்தான் களைக்கொல்லி வருகிறது.

கீழ்த்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டபோது பண்ணையார்கள் என்ன செய்தார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். வெளியாட்களைக் கொண்டு அறுப்பதா என்ற தகராறும் சேர்ந்துதான் 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரிப்பதுவரை போனது. மல்லாட்டைக் கொல்லைக்கு இறக்கப்பட்ட வெளியாள் களைக்கொல்லி. கூலி உயர்வு கேட்காது, இரண்டு நாள் முன்பே போன் பண்ணச் சொல்லாது. இங்கே யாரும் யாரையும் எரிக்கவில்லை, அதனால் இதை ஒரு சண்டையாக நாம் பார்க்கத் தவறுகிறோம்.

வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் வந்தது முளைக்கும் முன் அடிப்பது. பென்டிமெத்தலின் என்று பெயர். உரக்கடையில் வேறு வேறு வணிகப் பெயரில் கிடைக்கும். விதைத்த மூன்று நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, எக்டேருக்கு 3.3 லிட்டர் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. முளைக்கிற களையின் செல் பிரிவதை அது தடுத்துவிடும். கடலை விதை ஆழத்தில் இருப்பதால் தப்பிக்கும். இதை அடித்தால் 20ஆம் நாள் களை தேவையில்லை, 40ஆம் நாள் ஒரு கைக்களை போதும் என்றார்கள். பாதி வேலை போயிற்று. அடுத்து வந்தது முளைத்த பின் அடிப்பது. இமாசெதாபைர். இரண்டு மூன்று இலை விட்ட களை மேல் மூன்றாவது வாரம் அடித்தால் களை மஞ்சளாகி நின்றுவிடும், கடலைச் செடி தாங்கிக்கொள்ளும். புல்லுக்கென்று தனியாகக் குயிசலோபாப். ஆக, அந்த இரண்டாவது கைக்களைக்கும் வேலை வந்துவிட்டது.

கவனியுங்கள், இந்த மருந்துகள் அடி வாங்கும் இடம் எது? பெண்களின் பேரம் உச்சத்தில் இருக்கிற அந்த இரண்டு வாரம்தான். மல்லாட்டையின் விழுது அவர்களுக்குக் கொடுத்த பலத்தை மூன்று லிட்டர் டப்பா எடுத்துக்கொண்டது. இதை ஒரு சதி என்று நான் சொல்லவில்லை. ஐந்து ஏக்கர் வைத்துக்கொண்டு கடனில் இருக்கிற விவசாயிக்கு உரக்கடைக்காரர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறார், அவர் வாங்குகிறார். அவருடைய மனைவியும் அதே கொல்லையில் குனிந்து களை எடுத்தவர்தான். அவரை எதிரியாக்கி இந்தப் பேச்சை முடிப்பது எனக்கு எளிது. அது உண்மையாக இருக்காது. ஆனால் அவர் கணக்கில் எது செலவாகவும் எது வரவாகவும் எழுதப்படுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எழுதப்படாத கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். களை என்றால் என்ன? தொய்யக்கீரை களை. பண்ணைக்கீரை களை. பருப்புக்கீரை, சாரணை, எல்லாமே களை. களை எடுக்கப் போன பெண் மத்தியானம் திரும்பும்போது மடியில் அன்றைக்குக் குழம்புக்குக் கீரை இருக்கும், தலையில் ஆட்டுக்குக் கானாவாழைக் கட்டு இருக்கும். எங்கள் வீட்டில் ஆடுதான் அம்மாவின் வங்கி. என் கல்லூரிக் கட்டணத்தில் இரண்டு கிடாய் உண்டு. அந்தப் புல்லுக்கட்டைச் சில கொல்லைக்காரர்கள் அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள், உள்ளே காய் மறைத்திருக்கிறாளா என்று பார்க்க. அந்த அவமானமும் சேர்ந்ததுதான் அந்தக் கட்டு. ஆனால் மருந்தடித்த கொல்லையில் அந்தக் கட்டே இல்லை. மூன்றாம் வாரம் அடித்த கொல்லையில் மஞ்சளாகி நிற்கிற கீரையை ஆட்டுக்குப் போடலாமா கூடாதா என்று இவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கூலிக்கணக்கில் இல்லாத கீரைக்கும் ஆட்டுத் தழைக்கும் எந்தக் கட்டுரையிலும் விலை போடவில்லை.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். அப்படியானால் களைக்கொல்லியைத் தடை செய்யச் சொல்கிறாயா, எல்லோரும் பழையபடி குனிந்து களை எடுக்க வேண்டுமா?

இயற்கை விவசாயம் பேசுகிற நண்பர்கள் நிறையப் பேர் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கொல்லையில் களை யார் எடுக்கிறார்கள்? ரசாயனம் இல்லாத கடலை எண்ணெய் நகரத்தில் கூடுதல் விலைக்குப் போகிறது, நல்லது. அந்தக் கூடுதலில் களைக்கூலிக்கு எவ்வளவு போனது? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் பண்ணைகள் சில இருக்கலாம். பெரும்பாலும் எனக்குக் கிடைப்பது, அந்தக் காலத்தில் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே களை எடுத்தார்கள் என்ற வர்ணனை. என் ஆயா பாடினார்தான். கடைசிப் பத்து வருடம் நிமிர்ந்து நடக்க முடியாமல் இருந்ததும் அதே ஆயாதான். உடம்பை வருத்தும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் ‘இனி வரும் உலகம்’ பேசியவர். அந்த மரபில் வந்த நாம் களைக்கொட்டைப் புனிதமாக்கக் கூடாது.

அந்தக் களைக்கொட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிடி ஒரு முழம்கூட இருக்காது. ஏன் இவ்வளவு குட்டை? கலிபோர்னியாவில் கீரை, பீட்ரூட் வயல்களில் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கும் இதே மாதிரி குட்டைப் பிடிக் களைக்கொட்டுதான் கொடுத்தார்கள். நீளப் பிடி கொடுத்தால் பயிர் சேதமாகும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். குனிந்திருக்கிறானா நிமிர்ந்து நிற்கிறானா என்று தூரத்திலிருந்து கங்காணி கண்டுபிடிப்பதற்குத்தான் குட்டைப் பிடி என்றார்கள் தொழிலாளர்கள். மருத்துவர்கள் முதுகெலும்புச் சேதத்தைச் சாட்சி சொன்னார்கள், வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது, 1975இல் அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. பண்ணைகள் மூடிப்போகவில்லை. நீளப் பிடியில் கீரை வளர்ந்தது. வரிசையாக விதைத்த மல்லாட்டையில் நின்றுகொண்டு தள்ளுகிற சக்கரக் களைக்கருவி நம் வேளாண் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. அது ஏன் காலனிப் பெண்களின் கைக்கு வரவில்லை?

வராததற்குக் காரணம் எளிது. கருவிக்கு மானியம் உண்டு, மானியத்துக்குப் பட்டா வேண்டும். பட்டியல் சாதிச் சிறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் என்று அரசு அறிவிக்கிறது, அதற்கும் சிட்டா வேண்டும். 1892இல் கொடுத்த பஞ்சமி நிலம் எங்கே போனது என்று தேடினால் மானியம் எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும். பவர் வீடர் வந்த கொல்லைகளில் அதை ஓட்டுபவர் பெரும்பாலும் ஆண், வைத்திருப்பவர் நிலக்காரர். பெண்ணிடம் இருந்த வேலை இயந்திரத்துக்குப் போகும்போது இயந்திரம் அவளிடம் போவதில்லை. களைக்கொல்லியிலும் இதே கதைதான். களை எடுத்தது பெண், மருந்தடிப்பது ஆண். அந்த ஆணும் பெரும்பாலும் அதே காலனிதான்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு வேகமாக அடிக்கிறாரோ அவ்வளவு காசு. அதனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க நேரமில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலில், முகத்தில் ஒரு துண்டு. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி டப்பாவில் வண்ண முக்கோணம் உண்டு: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. நான் பேசியவர்களில் அந்த நிறங்களுக்கு என்ன பொருள் என்று தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நம் மொழி வேறு இதை ‘மருந்து’ என்கிறது. மருந்துக்கு யார் பயப்படுவார்கள்? வரப்பிலும் முந்திரித் தோப்பிலும் அடிக்கிற பாராகுவாட் ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அது இல்லை. இலங்கை படிப்படியாக 2011க்குள் அதை நிறுத்தியது. நம் உரக்கடையில் அது இருக்கிறது.

இலங்கையைச் சொன்னதால் ஒன்று. 2015இல் அங்கே கிளைபோசேட் தடை வந்தபோது தேயிலைத் தோட்டங்களில் புல் மண்டியது. கம்பெனிகள் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று முறையிட்டன; 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. அட்டையும் பாம்பும் இருக்கிற புல்லுக்குள் கொழுந்து எடுக்க நின்றவர்கள் மலையகத் தமிழ்ப் பெண்கள். மருந்தைத் தடுத்தாலும் அவர்கள் உடம்பு, மருந்தை அனுமதித்தாலும் அவர்கள் உடம்பு. இரண்டு முடிவையும் எடுத்த மேசையில் அவர்கள் யாரும் உட்காரவில்லை. தடையா அனுமதியா என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு நாம் கட்சி பிரிந்தால் இங்கேயும் அதுதான் நடக்கும்.

இனி வளையமாதேவிக்குத் திரும்புகிறேன்.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது, ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ யார் என்று சொல்லும்போது நிலக்காரரை மட்டும் சொல்லவில்லை. சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலிக் குடும்பமும் அதில் வரும். நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்திருக்க வேண்டும், அதுதான் முதன்மையான வாழ்வாதாரமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் மறுவாழ்வுப் பட்டியலில் உரிமை உண்டு. வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பேசுகிறது. அதற்கு முன்பே எடுத்த நிலங்களுக்கு இது பொருந்தாது என்று சொல்வார்கள். இனி எடுக்கப்போகும் நிலத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது, சுரங்கம் இத்தோடு நிற்கப்போவதும் இல்லை.

இப்போது அந்த அக்கா ஒரு அதிகாரி முன்னால் போய் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் இங்கே வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்? கொல்லைக்காரர் எந்தக் காலத்திலும் ரசீது கொடுத்ததில்லை. சம்பளப் பதிவேடு இல்லை. நிலக்காரரிடம் பட்டா, சிட்டா, அடங்கல் இருக்கிறது. பயிர் அழிந்தால் ஏக்கர் கணக்கில் பேசலாம். களை எடுத்தவளிடம் முதுகுவலி இருக்கிறது.

அதற்கு மேல் களைக்கொல்லி ஒரு வேலை செய்கிறது. ஒரு பட்டத்துக்கு இருந்த களை நாட்கள் பாதியாகி, பிறகு அதிலும் பாதியாகி, வேலை துண்டு துண்டாகிவிட்டது. நாலு நாள் மல்லாட்டைக் களை, பத்து நாள் முந்திரி, சில நாள் நூறு நாள் வேலை, சில நாள் நெய்வேலி டவுன்ஷிப்பில் வீட்டு வேலை. இந்தப் பெண்ணைப் பார்த்து அதிகாரி கேட்பார்: “உனக்கு விவசாயம்தான் முதன்மை வாழ்வாதாரம் என்று எப்படிச் சொல்கிறாய்?” பதில் சொல்ல முடியாது. மருந்து கூலியை மட்டும் எடுக்கவில்லை, நிலத்தோடு அவளுக்கு இருந்த உறவின் சாட்சியத்தையும் எடுத்துவிட்டது. இதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். கொல்லையில் ஆள் தேவையில்லை என்று ஆன பிறகு, அந்தக் கொல்லையைச் சுரங்கம் எடுக்கும்போது அங்கே ஆளே இருந்ததில்லை என்று எழுதுவது சுலபம்.

2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. நாட்கள் 125 என்று தலைப்பில் வந்தது. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் பருவத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலை நடக்காது என்பது உள்ளே இருக்கிறது. யார் கேட்டு அந்த 60 நாள் வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. களைக்கொட்டு பிடித்தவளுக்குப் பேரம் பேசும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நாம் மறந்தாலும் அவர்கள் மறக்கவில்லை. 

என்ன செய்யலாம் என்பதற்கு என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. சில விஷயங்களைக் கேட்கலாம். கருவி மானியத்தைப் பட்டாவோடு கட்டாமல் பெண்கள் குழுக்களின் பெயரில் கொடு என்று கேட்கலாம். சக்கரக் களைக்கருவியோ பவர் வீடரோ அவர்கள் சொத்தாக இருந்தால், அதே பேரத்தை நிமிர்ந்து நின்றுகொண்டு பேசுவார்கள். மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுப்பது யார் பொறுப்பு என்று கிராம சபையில் கேட்கலாம். பாராகுவாட்டை நிறுத்தச் சொல்லலாம், அதற்குத் தயக்கமே வேண்டாம்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. களைக்குழு நடத்தும் அக்காக்களிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கும். யார் யார் எந்தத் தேதியில் எந்தக் கொல்லைக்கு வந்தார்கள், எவ்வளவு கூலி பிரித்தோம் என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். சண்டை வராமல் இருக்க எழுதியது. எழுதத் தெரியாத அக்காவுக்கு மகள் எழுதிக் கொடுத்திருப்பாள். எனக்குத் தெரிந்து இந்தக் கொல்லைகளில் யார் உழைத்தார்கள் என்பதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த நோட்டுதான். மழையில் நனைந்து, கரையான் அரித்து, பட்டம் முடிந்ததும் அடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை குழு என்று முதலில் ஒரு பட்டியல், பிறகு நோட்டுகள். நோட்டு அவர்களிடமே இருக்கட்டும், நமக்குப் படம் போதும். கொல்லைக்காரர் பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், நிலத்தின் சர்வே எண்ணை நாம் பிறகு தேடிக்கொள்ளலாம். போகும்போது இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் அவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.